வலப்பக்கத்து உள்கிளை

டிரைவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது அவருடைய மகள் கொடுத்த பரிசு இரண்டு ஒற்றைக் கட்டில்கள். நல்ல கட்டில்கள்தான், குறை சொல்ல முடியாது. கனமான மரம், ஆடாத கால். ஆனால் யோசித்துப் பாருங்கள், கல்யாணமானவர்களுக்கு யாராவது ஆளுக்கொரு கட்டிலாக வாங்கித் தருவார்களா? மகள் வாங்கித் தந்தாள். நடுவில் போட ஒரு குட்டி மேஜையையும், அதன்மேல் வைக்க ஒரு விளக்கையும் கூடச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தப்பெல்லாம் டிரைவர்மேல்தான். முதல் மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, கண்ணாடிக்கடைக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பெற்ற மகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன். எவ்வளவு நீளமான வண்டியையும் சந்துக்குள் அலுங்காமல் திருப்பிவிடுவார். இந்த ஒரு பேச்சை மட்டும் திருப்பத் தெரியாமல் மென்று முழுங்கி, "வேற ஒண்ணுமில்லம்மா. சாப்பிடும்போது எதிர்ல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும். ஒரு துணைக்குத்தான்" என்று சொல்லிவைத்தார். மகளும், "துணைக்குன்னா சரிப்பா" என்று தலையாட்டினாள். துணைக்கு வருகிறவளுக்குத் தனிக் கட்டில் கொடுப்பதுதானே முறை?

கண்ணாடிக்கடைக்காரிக்கு இது முதல் கல்யாணம். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவையும் அம்மாவையும் ஒருவர் பின் ஒருவராகக் கடைசிவரை பார்த்து முடித்தபோது ஐம்பது வயது தாண்டியிருந்தது. கண்ணாடிக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்கில் கனத்த சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாக மாற்றி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்பதுதான் அவள் வேலை. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண்சோதனைக்கு வந்த டிரைவர், அதற்குப் பிறகு வாங்கிய கண்ணாடிமேல் அடிக்கடி உட்கார ஆரம்பித்தார். கோணிப்போன சட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு வாசலில் வந்து நிற்பார். ஒரு மனுஷன் அத்தனை தடவை தன் கண்ணாடிமேல் உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கல்யாணமான அன்றைக்கே குட்டி மேஜை மூலைக்குப் போய்விட்டது. கட்டில்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. அதுமுதல் மகள் வருகிறேன் என்று போன் செய்தால் போதும், வீட்டில் ஒரு பரபரப்பு. தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் பிடித்துக் கட்டிலைத் தள்ளி, மேஜையை நடுவில் போட்டு, விளக்கை வைத்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு கதவைத் திறப்பார்கள். அவள் கிளம்பியதும் மறுபடியும் தள்ளல். திருட்டுத்தனம் செய்யும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலம் உண்டு. இழுத்து இழுத்துத் தரையில் வெள்ளைக் கோடே விழுந்துவிட்டது.

அப்படித் தள்ளிய ஒரு நாளில்தான் டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் விடவில்லை, ஸ்கேன் எடுக்க வைத்தாள். பிடிப்பு தைலம் தேய்த்ததில் தானாகப் போய்விட்டது. ஆனால் ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. அது தைலத்துக்குப் போகிற சங்கதியாக இல்லை.

ரத்தக்குழாய் டாக்டரின் அறைக்கு மூன்று பேரும் போனார்கள். மகள் டாக்டருக்கு எதிரே, டிரைவர் அவள் பக்கத்தில், கண்ணாடிக்கடைக்காரி சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில். கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் மகள். எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் கேட்கக் கேட்க அப்பாவுக்குப் பதிலாக அவளே சொன்னாள். சிகரெட்டா, பஸ் ஓட்டுகிற காலத்தில் ஊதித் தள்ளியவர், இப்போது இல்லை. வேலையா, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறார், நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்துதான் இருக்கிறார். கிட்னியா, கொஞ்சம் பலவீனம், மாத்திரை சாப்பிடுகிறார்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டார். அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். மூக்கில் கண்ணாடி நிற்கவில்லை, குனியும்போதெல்லாம் வழுக்கியது.

"நெஞ்சுலேருந்து பெரிய குழாய் கீழ இறங்கி, தொப்புள்கிட்ட ரெண்டா பிரியுது. ஒவ்வொரு காலுக்கும் ஒண்ணு. அதுல வலது பக்கக் குழாய் உங்களுக்கு ஒரு இடத்துல உப்பியிருக்கு. வலி இருக்காது. ஆனா இந்த அளவு வந்தப்புறம் விட்டுவைக்கக் கூடாது, வெடிச்சா உயிருக்கு ஆபத்து."

"வயித்தைக் கிழிக்கணுமா?" என்றார் டிரைவர்.

"தேவையில்ல. ரெண்டு தொடையிடுக்குலயும் ஊசி போடற மாதிரி துளை போட்டு, குழாய்க்குள்ளயே மடிச்சுவெச்ச உறையைக் கொண்டுபோய் விரிச்சுடுவோம். ரத்தம் உறை வழியாப் போகும், உப்பின இடத்துல அழுத்தம் படாது."

டிரைவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. சைக்கிள் டயருக்குள் பழைய டியூப் துண்டு வைத்து ஓட்டுவது மாதிரி என்று புரிந்துகொண்டார்.

"ஆனா ஒரு விஷயம்" என்று டாக்டர் பேனாவை வலப்பக்கம் நகர்த்தினார். "இந்தக் குழாய் இங்க மறுபடி ரெண்டா பிரியுது. வெளிக்கிளை காலுக்குப் போகுது. உள்கிளை இடுப்புக்குள்ள போகுது. உப்பல் சரியா இந்த முனைவரைக்கும் வந்திருக்கு. உறை கசியாம உட்காரணும்னா இதைத் தாண்டிப் போகணும், அப்ப உள்கிளையோட வாய் மூடிக்கும். சாதாரணமா ஒரு பக்கம் மூடினா இன்னொரு பக்கம் சமாளிக்கும். உங்களுக்கு இடது பக்க உள்கிளை ஏற்கெனவே அடைச்சுப் போயிருக்கு, சிகரெட் பண்ண வேலை. வலது ஒண்ணுதான் பாக்கி."

"மூடினா என்ன ஆகும்?" என்று மகள் கேட்டாள்.

"நடந்தா பின்பக்கம் வலிக்கும், நின்னா போயிடும். சிலருக்கு நாளாக ஆகக் குறையும். அப்புறம்..." டாக்டர் மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு டிரைவரைப் பார்த்தார். "தாம்பத்திய உறவுக்கு வேண்டிய ரத்தமும் இதுலதான் போகுது. அது முடியாமப் போகலாம். மூடாம இருக்கவும் வழி இருக்கு. கிளை வெச்ச உறைன்னு ஒண்ணு, உங்க அளவுக்குத் தருவிக்கணும். நேரம் அதிகம் ஆகும், குழாய்க்குள்ள விடற சாயமும் அதிகம், உங்க கிட்னிக்கு அது கொஞ்சம் சுமை. தாங்காதுன்னு சொல்லல, கவனமாச் செய்யணும். ரெண்டுக்கும் நான் தயார். உங்க வாழ்க்கைக்கு எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

மகள் காகிதங்களின் ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினாள். டிரைவர் தலையைச் சொறிந்தார், பிறகு ஒப்புக்குச் சிரித்தார்.

"அதுக்கெல்லாம் வயசு எங்க டாக்டர் இருக்கு? எங்களுக்குள்ள அப்படியெல்லாம் எதுவும் கிடையாது. சும்மா ஒருத்தருக்கொருத்தர் துணைதான். நீங்க மூடிடுங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவளுக்குச் சுருக்கென்றது. மூன்று பேரில் ஒருவர்கூடத் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அவள் வெளியே வந்து, மகள் ஆட்டோ பிடித்துக் கொடுக்க, வீட்டுக்கு வந்து, டீ போட்டு, டம்ளரை அவர் முன்னால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் சொன்னீங்க?"

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

டிரைவர் டீயைப் பார்த்தார். "பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா. வேற என்னதான் சொல்லச் சொல்ற?"

"கட்டிலைத் தள்ளி வெக்கிறது வேற. நாலு நாள்ல திரும்ப ஒட்டிக்கலாம். இது அப்படியா?"

"உயிர் பொழைச்சா போதும்னு நினைச்சேன்."

"ரெண்டு வழியிலயும் பொழைக்கலாம்னுதானே டாக்டர் சொன்னாரு?" அவள் குரலை உயர்த்தவில்லை. கடையில் பேசுகிற அதே நிதானம்தான். "எனக்கும் அறிவு இருக்குங்க. கிட்னி தாங்காதுன்னு அவர் சொல்லியிருந்தா நானே முதல் ஆளா மூடச் சொல்லியிருப்பேன். போனா போகுதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருந்தா எனக்கு வருத்தமே இல்ல. ஆனா நீங்க, நமக்குள்ள எதுவுமே இருந்ததில்லங்கற மாதிரி மூடச் சொன்னீங்க. அப்ப நான் யாரு? எதிர்ல உக்காந்து சாப்பிடற ஆளா?"

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அன்றைக்குக் கட்டில்கள் ஒட்டித்தான் இருந்தன, பேச்சுதான் நின்றுபோயிருந்தது.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குச் சோதனைச் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டாள். பெரியவர் அவசரக்காரர். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, ஏதோ ஒண்ணைப் போட்டுக் கொடு" என்றார். "ஒண்ணு இல்லைங்கய்யா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்குப் போனப்புறம் மாத்த முடியாது" என்றாள். சொன்ன வார்த்தை அவளுக்கே திரும்பி வந்து உறைத்தது. பெரியவரை அனுப்பிவிட்டு, கடையைப் பக்கத்துப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

நடக்கிற வரையில் தைரியமாகத்தான் இருந்தாள். டாக்டரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது எங்கோ போய்விட்டது. தன்னைவிடச் சின்னவர், முன்பின் தெரியாத ஆண்பிள்ளை. எங்கே ஆரம்பிப்பது? அப்போது டாக்டர் குனிந்து எதையோ எடுக்க, கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது.

"அதைக் கொஞ்சம் கொடுங்க டாக்டர்" என்று கையை நீட்டினாள். "ரெண்டு நாளா பாத்துட்டிருக்கேன்."

டாக்டர் திகைத்துப்போய்க் கழற்றிக் கொடுத்தார். அவள் கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, தளர்ந்திருந்த திருகாணியை முடுக்கி, மூக்குப் பட்டையை நெருக்க ஆரம்பித்தாள். கண்ணாடி இல்லாமல் டாக்டருக்குத் தன் முகம் கலங்கலாகத்தான் தெரியும் என்று அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். கையில் வேலை இருக்கிறது, முகத்தை யாரும் பார்க்கவில்லை. இனி என்ன பயம்?

"எங்க வீட்டுக்காரர் நேத்து சொன்னது பொய் டாக்டர்" என்றாள், திருப்புளியைப் பார்த்துக்கொண்டே. "நாங்க புருஷன் பொண்டாட்டியாத்தான் வாழறோம். எல்லா விதத்துலயும். எனக்கு இந்த வாழ்க்கை ரொம்ப லேட்டாக் கிடைச்சது. அவர் மக முன்னாடி கூச்சப்பட்டு அதை இல்லேன்னு சொல்லிட்டாரு. நீங்க அந்தப் பேச்சை வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அவள் நீட்டிய கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு தடவை குனிந்து பார்த்தார், அது அசையவில்லை.

"நல்லவேளை வந்தீங்க" என்றார். "மகளை உள்ள வெச்சுக்கிட்டு நான் கேட்டிருக்கக் கூடாது, என் தப்புதான். ஆனா அம்மா, உடம்பு அவரோடது. நீங்க சொன்னதை வெச்சு நான் மாத்த முடியாது. அவர் வாயால வரணும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க, அன்னைக்கு முடிவு பண்ணாத்தான் உறை தருவிக்க முடியும்."

வீட்டுக்கு வந்து அவள் ஒளிக்கவில்லை. "டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"உள்ளதை."

டிரைவர் அப்படியே கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டார். கீழே அவர் கண்ணாடி இருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே தெரியாமல்தான்.

வளைந்த சட்டத்தை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "அவர் என்ன சொன்னாரு?" என்றார்.

"உங்க வாயால வரணுமாம்." அவள் சட்டத்தை வாங்கி நிமிர்த்தத் தொடங்கினாள். "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இனிமே நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மூடணும்னு தோணினா மூடிக்கோங்க, அப்பவும் நான் உங்க கூடத்தான் இருப்பேன். ஆனா தோணறதை நிஜமாச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் மகள் நிற்கிறாள், லீவு போட்டுவிட்டு, காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூன்று பேரும் உள்ளே போனார்கள். இந்தத் தடவை கண்ணாடிக்கடைக்காரி சுவரோரம் உட்காரவில்லை, நாற்காலியை இழுத்து டிரைவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயாகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றார் டாக்டர். மகள் எழுந்தாள்.

டிரைவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். மகள் கதவுப்பிடியில் கை வைத்தபோது, "நீ இரும்மா" என்றார்.

அவள் திரும்பினாள்.

"நீதான் கேக்கணும். வெளில போயிட்டேன்னா நான் மறுபடியும் உன்கிட்ட மறைக்கணும். எனக்கு அலுத்துப்போச்சு." அவர் மகளைப் பார்த்துச் சொல்லத் தொடங்கி, பாதியில் டாக்டரின் மேஜைக்குப் பார்வையை மாற்றிக்கொண்டார். "டாக்டர், அன்னைக்கு நான் சொன்னது பொய். துணைக்குத்தான்னு என் பொண்ணுகிட்ட முதல் நாள் சொன்ன பொய்யையே உங்ககிட்டயும் சொல்லிட்டேன். இவ எனக்குப் பொண்டாட்டி. எனக்கு இவமேல ஆசை இருக்கு. அந்தக் கிளையைக் காப்பாத்த முடியும்னா காப்பாத்துங்க."

கண்ணாடிக்கடைக்காரி குனிந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவர் இதைத் தன்னிடம் தனியாகக்கூட இவ்வளவு நேராகச் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மகளின் முகம் சிவந்துவிட்டது. கதவுப்பக்கம் நின்றபடியே காகிதங்களில் எதையோ தேடினாள். தேட அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் டாக்டரிடம், "அப்ப கிட்னிக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"முன்னாடியே அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்துவோம். சாயத்தை முடிஞ்சவரைக்கும் குறைச்சு விடுவோம்."

"சரி" என்றாள் மகள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் யாரோடும் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் கோபமா, கூச்சமா என்று இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

உறை வந்து சேர்ந்தது. டிரைவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி, ஆள் விழித்துக்கொண்டுதான் இருந்தார். வெளியே பெஞ்சில் கண்ணாடிக்கடைக்காரியும் மகளும், நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொன்ன நேரத்தைத் தாண்டியது. தனக்காகத்தான் இந்த நீளமான வழி, ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி தன் தலையில்தான் என்று கண்ணாடிக்கடைக்காரி மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்து, "சித்தி, குடிங்க. லேட்டாகும்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் உட்காரும்போது நடுவிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது கண்ணாடி மூக்கில் நேராக நின்றது. "நல்லபடியா முடிஞ்சுது. உறை கசியல. உள்கிளையில ரத்தம் ஓடுது, கண்ணால பாத்தேன்" என்றார். சிறுநீரகமும் ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை, அடுத்தடுத்த பரிசோதனையில் பழைய அளவிலேயே நின்றது. வீட்டுக்கு அனுப்பும்போது, "கொஞ்ச நாளைக்கு எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது" என்று நர்ஸ் சொல்லியனுப்பினாள்.

அப்பாவைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்து வந்தவள் மகள்தான். படுக்கையறையில் கட்டில்கள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், உதவிக்கு மகள் வருவாளே என்று கண்ணாடிக்கடைக்காரியே தனியாக இழுத்துப் பிரித்துவைத்தது. பழக்கதோஷம், வேறென்ன சொல்ல? நடுவில் மேஜை, மேஜைமேல் விளக்கு.

மகள் அப்பாவை ஒரு கட்டிலில் உட்கார வைத்தாள். நிமிர்ந்தவள் பார்வை தரைக்குப் போனது. வெள்ளைக் கோடுகள். இந்தக் கட்டிலின் காலிலிருந்து புறப்பட்டு, அந்தக் கட்டில்வரைக்கும் போய் முடிகிற கோடுகள். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"இதனாலதான் இடுப்பு பிடிச்சுதா?" என்றாள் மகள்.

அவள் விளக்கை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மேஜையைத் தூக்கி மூலைக்குக் கொண்டுபோனாள். பிறகு காலியாக இருந்த கட்டிலின் பக்கவாட்டில் இடுப்பைக் கொடுத்து ஒரே மூச்சாகத் தள்ளினாள். கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டு, தன் பழைய கோட்டிலேயே வழி தவறாமல் போய், அப்பாவின் கட்டிலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"நான் தள்றேன், நீ விடும்மா" என்று ஓடி வந்த கண்ணாடிக்கடைக்காரியை அவள் கையால் தடுத்தாள். மூச்சு வாங்கியது.

"கட்டில் வாங்கப் போனப்ப கடைக்காரர் கேட்டாரு சித்தி, பெருசா ஒண்ணா, சின்னதா ரெண்டான்னு" என்றாள். "நான் உங்களைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்."

பிறகு இரண்டு தலையணைகளையும் எடுத்துத் தட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, டீ போடச் சமையலறைக்குப் போனாள்.